அட்டைப்படத்தை நம்பி வாங்கிய சாதி

கடந்த மாதம் என் மகளுக்கு ஆறு வயது முடிந்தது. இந்த முறை பொம்மை வேண்டாம், புத்தகம் வாங்கிக் கொடுப்போம் என்று நானும் இணையரும் முடிவு செய்தோம். நாங்கள் இருப்பது விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரே ஒரு புத்தகக் கடை. அங்கே கைடு கிடைக்கும், கிராஃப் நோட்டு கிடைக்கும், ஜாதகம் எழுதும் நோட்டுகூடக் கிடைக்கும். குழந்தைக்குக் கதைப்புத்தகம் கேட்டால் அட்டை மங்கிப்போன இரண்டு வண்ணம் தீட்டும் புத்தகங்களை எடுத்துப் போடுவார்கள். அதனால் எல்லோரையும்போல நானும் கைப்பேசியைத் திறந்தேன்.

பத்துப் புத்தகங்கள் கொண்ட தொகுப்பு, 399 ரூபாய். அட்டையில் சிரிக்கும் யானை. '3 முதல் 6 வயது வரை, நற்பண்புகளை வளர்க்கும்' என்று ஒரு வரி. நான்கரை நட்சத்திரம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மூன்று பக்கங்கள் காட்டினார்கள். மூன்றிலும் பழங்கள். வாங்கிவிட்டேன்.

கொண்டுவந்த தம்பி தெருமுனையில் நின்று போன் செய்து, "அக்கா, ஊரா காலனியா?" என்று கேட்டார். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது கொரியர் வண்டிவரை இன்னும் வந்து சேரவில்லை. அது வேறு கதை, விடுங்கள்.

அந்தப் பத்தில் ஒரு புத்தகம் நமக்கு உதவி செய்பவர்களைப் பற்றியது. மருத்துவர், ஆசிரியர், காவலர், தபால்காரர் என்று பக்கத்துக்கு ஒருவர். மருத்துவர் ரோஜா நிறம், கண்ணாடி. ஆசிரியர் ரோஜா நிறம், நெற்றியில் சந்தனக் கீற்று. காவலர் கொஞ்சம் கோதுமை நிறம். பதினோராம் பக்கத்தில் குப்பை அள்ளுபவர். அவர் கன்னங்கரேலென்று இருந்தார். அவரைச் சுற்றி நான்கைந்து ஈக்களையும் வரைந்திருந்தார்கள். பக்கத்தில் ரோஜா நிறச் சிறுமி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு அவருக்கு 'நன்றி' சொல்கிறாள்! நற்பண்பு வளர்க்கிறார்களாம்.

என் அப்பா நகராட்சியில் 31 ஆண்டுகள் தூய்மைப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலையில் வீட்டுக்கு வந்தார். என் மகள் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "தாத்தா, இது நீங்கதானே?" என்றாள். பிறகு விளையாட்டாக மூக்கைப் பொத்திக்கொண்டு "நன்றி தாத்தா" என்றாள். அவளுக்கு அது ஒரு நடிப்பு. புத்தகத்தில் இருப்பதைச் செய்து காட்டுகிறாள், அவ்வளவுதான். அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அவர் நாற்காலியைத் தள்ளியதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. வேலையில் இருந்த காலத்தில் தேநீர்க் கடையிலும் தாலுகா ஆபீசிலும் அவர் தள்ளி நின்றிருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டுக்குள் யாரும் அவரைத் தள்ளி உட்கார வைத்ததில்லை. அதைச் செய்ய ஒரு 399 ரூபாய்த் தொகுப்பு வேண்டியிருந்தது. அதைப் பணம் கட்டி வரவழைத்தவள் நான்.

இதை அலுவலகத்தில் சொன்னபோது ஒருவர், "குழந்தைப் புத்தகத்துல போய் சாதியைத் தேடுறீங்களே மேடம்" என்றார். நான் எங்கே தேடினேன்? அது பெட்டியில் வந்து இறங்கியது. புத்தகத் திருவிழா அரங்கில் இதே புத்தகம் இருந்திருந்தால் நான் நிச்சயம் வாங்கியிருக்க மாட்டேன். குழந்தைப் படப்புத்தகம் என்பது பெரும்பாலும் 16 பக்கம், 24 பக்கம். கடையில் நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிடலாம். எந்த அம்மாவும் அப்படித்தான் வாங்குவார். யாரும் தடுப்பதில்லை. இந்தப் புரட்டிப் பார்க்கும் உரிமையைத்தான் இணைய வணிகம் சத்தமில்லாமல் பிடுங்கியிருக்கிறது. கைப்பேசியில் அட்டை தெரியும், தள்ளுபடி தெரியும், நாளை மாலைக்குள் வந்துவிடும் என்பது தெரியும். பதினோராம் பக்கம் தெரியாது.

வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளையாவது படித்திருக்கலாமே என்பீர்கள். படித்தேன். 'தாள் தரமாக இருக்கிறது.' 'பேக்கிங் அருமை.' 'ஓரம் மடங்கி வந்தது, ஒரு நட்சத்திரம்.' நூற்றுக்கு மேற்பட்டோர் எழுதியிருந்தார்கள். நான் உருட்டிப் பார்த்தவரை உள்ளே இருக்கும் கதையைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. ஒன்று, அவர்கள் படிக்கவில்லை. அல்லது, படித்தும் எதுவும் உறுத்தவில்லை. மூக்கைப் பொத்தும் பக்கம் உறுத்தாத வீடுகள் எந்த வீடுகள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தேன். காரணங்களின் பட்டியல் ஒன்று வந்தது. சேதமடைந்துள்ளது, தவறான பொருள், அளவு பொருந்தவில்லை. 2020இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த இணைய வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. பொருள் குறைபாடுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன அவை. நல்ல விதிதான். ஆனால் 'நற்பண்புகளை வளர்க்கும்' என்று விளம்பரம் செய்துவிட்டுத் தீண்டாமையைக் கற்றுக்கொடுத்தால் அது விளம்பரத்துக்கு மாறான தன்மையா இல்லையா? 'மற்றவை' என்ற கட்டத்தில் இதைத் தமிழில் மூன்று வரி எழுதி அனுப்பினேன். 'உங்கள் கோரிக்கை இந்த வகையில் வராது' என்று பதில் வந்தது.

புத்தகத்தை எழுதியவரிடமாவது கேட்கலாம் என்று பார்த்தால் எழுதியவர் பெயரே இல்லை. வரைந்தவர் பெயரும் இல்லை. 'ஆசிரியர் குழு' என்று மட்டும் இருந்தது. தில்லியில் ஒரு முகவரி. ஒரே படத்தை வைத்துக்கொண்டு இந்தியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று எழுத்தை மட்டும் மாற்றி அடித்துத் தள்ளுகிறார்கள். இந்தி அரிச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே 'ரு' என்றால் ரிஷி, 'க்ஷ' என்றால் க்ஷத்ரியன். கையில் வாளோடு நிற்பான். வருணம் என்ற சொல்லைக் கேள்விப்படும் முன்பே எழுத்தோடு எழுத்தாக வருணம் உள்ளே போய்விடுகிறது. அந்தப் படங்கள்தான் தமிழ் எழுத்தைப் போர்த்திக்கொண்டு நம் வீட்டுக்கும் வருகின்றன.

'இது மட்டமான மலிவுப் பதிப்பு, நல்ல பாரம்பரியக் கதைகளாகப் பார்த்து வாங்கியிருக்கலாம்' என்று இன்னொரு யோசனை. சரி, பாரம்பரியத்துக்கே போவோம். அந்தத் தொகுப்பிலேயே பஞ்சதந்திரமும் இருந்தது. சிங்கக்குட்டிகளோடு வளர்ந்த நரிக்குட்டியின் கதை. தாய்ச் சிங்கம் அதைத் தன் பிள்ளையாகவே வளர்க்கிறது. ஒருநாள் யானையைக் கண்டு நரிக்குட்டி பின்வாங்குகிறது, சிங்கக்குட்டிகள் கேலி செய்கின்றன. 'நீ பிறந்த குலத்தில் யானையைக் கொல்லும் வழக்கம் இல்லை, உண்மை தெரிவதற்குள் ஓடிவிடு' என்ற கருத்தில் தாய்ச் சிங்கம் அதை அனுப்பிவிடுகிறது. குழந்தைக்கு என்ன நீதி? வளர்ப்பு எதுவாயினும் பிறப்பு மாறாது.

விலங்குக் கதைதானே என்பவர்கள், இந்தக் கதை எதற்காகச் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பஞ்சதந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் இது ஒரு குயவரின் கதைக்குள் வருகிறது. அந்தக் குயவர் உடைந்த பானை ஓட்டின்மேல் விழுந்து நெற்றியில் காயம்பட்டவர். பஞ்ச காலத்தில் வேறு நாட்டுக்குப் போகிறார். அந்தத் தழும்பைக் கண்ட அரசன் இவர் போரில் காயம்பட்ட பெரும் வீரர் என்று நினைத்துத் தன் படையில் மேலான இடம் தருகிறான். போருக்குக் கிளம்பும் நேரத்தில் எந்தப் போரில் பட்ட காயம் என்று கேட்கிறான். அவர் பொய் சொல்லவில்லை. தான் குயவர் என்பதையும், எப்படி விழுந்தார் என்பதையும் அப்படியே சொல்கிறார். அரசன் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளச் சொல்கிறான். 'என் திறமையைப் போரில் பாருங்கள்' என்று அவர் கெஞ்சுகிறார். அப்போது அரசன் அவருக்குச் சொல்லும் கதைதான் சிங்கமும் நரியும்.

ஒரு தொழிலாளி உண்மையைச் சொன்னதற்காக வேலையை இழக்கிறார். திறமையைச் சோதித்துப் பார்க்கச் சொன்னாலும் சோதிக்க மாட்டார்கள். சாதிச் சான்றிதழைக் கேட்டபின் முகம் மாறும் அதிகாரியை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்த குழந்தைப் பதிப்புகளில் குயவர் கதையைக் காணோம், நரி மட்டும் இருக்கிறது. சாதியின் பெயரை எடுத்துவிட்டுச் சாதியின் நியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெயர் இருந்தாலாவது, நாம் படிக்கும்போது கண்ணில் பட்டிருக்கும்.

தெனாலிராமனை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துவரை மண்ணில் புதைத்து யானையைவிட்டு மிதிக்கச் சொல்லி அரசன் தண்டனை தருகிறான். அந்த வழியாகக் கூன் விழுந்த ஒரு சலவைத் தொழிலாளி வருகிறார். இந்தக் குழியில் நின்றால் கூன் நிமிர்ந்துவிடும் என்று அவரை நம்பவைத்துத் தன் இடத்தில் புதைத்துவிட்டு ராமன் தப்பிக்கிறான். நாமெல்லாம் சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்த கதை. அந்தச் சலவைத் தொழிலாளியின் உயிர் நமக்குக் கணக்கிலேயே வந்ததில்லை. ஏகலைவன் கட்டை விரலைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதை இன்றும் 'குருபக்தி' என்ற தலைப்பில்தான் விற்பனைக்கு இருக்கிறது.

பாடநூல் என்றால் நமக்குக் கோபம் வருகிறது, வர வேண்டும். 1949இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம், அம்பேத்கர் நத்தைமேல் அமர்ந்திருக்க நேரு சாட்டையோடு நிற்பது, என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்தது. 2012 மே மாதம் தொல். திருமாவளவன் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். அவை கொந்தளித்தது, அமைச்சர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2019இல் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றிலிருந்து தோள்சீலைப் போராட்டம் அடங்கிய பாடத்தை நீக்கியபோதும் விவாதம் நடந்தது. எல்லோர் கையிலும் ஒரே புத்தகம், வெளியிட்டவர் யார் என்று தெரியும். அதனால் கேட்க முடிந்தது. மூன்று வயதில் மடியில் வைத்துப் படித்துக் காட்டும் புத்தகத்துக்கு எந்த நாடாளுமன்றம்? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பெட்டி வருகிறது. பிரித்தவர்களுக்கு மட்டுமே உள்ளே இருப்பது தெரியும். பிரித்தவர்களும் குழந்தை அமைதியாக இருக்கிறதே என்று அடுப்படிக்குப் போய்விடுகிறோம்.

இங்கே நம் தோழர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனுதர்மத்தின் எந்த அத்தியாயத்தில் எந்தச் சுலோகம் என்று மேடையில் அடுக்குவார்கள். 1927 டிசம்பர் 25 மகாத்தில் என்ன நடந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். தள்ளுபடியில் வந்த புராணத் தொகுப்பு, அசுரன் என்றால் கறுப்பு, தேவன் என்றால் வெளுப்பு. 'நான்தான் பார்க்கல தோழர், வீட்ல ஆர்டர் பண்ணாங்க' என்பார்கள். பிள்ளைக்குப் புத்தகம் வாங்குவது மட்டும் எப்படி 'வீட்ல' இருப்பவரின் வேலையானது? பெரியார் படம் மாட்டிய கூடத்தில் நின்றுகொண்டு இப்படிச் சொல்ல வெட்கமாக இல்லையா? நான் யோக்கியம் என்று சொல்லவில்லை. வாங்கியவள் நான்தான் என்று மேலேயே எழுதிவிட்டேன்.

அதற்காக இணையத்தில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. சென்னையில் இருப்பவர்கள் அப்படிச் சொல்லலாம். அவர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, மதுரைக்காரர்களுக்கு 2023இலிருந்து கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆண்டுக்கொருமுறை மாவட்டப் புத்தகத் திருவிழா, அதற்கும் பேருந்து ஏறிப் போக வேண்டும். இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர்க் கடையில் நான் ஒருமுறை அம்பேத்கர் வாழ்க்கையைக் குழந்தைகளுக்குச் சொல்லும் படக்கதை இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் புத்தகத்தைத் தேடவில்லை. என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். கைப்பேசி என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒடுக்கப்பட்ட வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நல்ல புத்தகங்கள் இல்லாமலும் இல்லை. காஞ்சா அய்லய்யா 2007இல் உழைப்பின் மதிப்பைப் பற்றிக் குழந்தைகளுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். தோல் பதனிடுபவர், குயவர், உழவர், நெசவாளர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துபவர் எல்லோரையும் அறிவைப் படைத்தவர்களாக அது பேசுகிறது. துர்காபாய் வியாம் படம் வரைந்திருக்கிறார். கோண்டு ஓவியர்களான அவரும் சுபாஷ் வியாமும் வரைந்த 'பீமாயணம்' 2011இல் வந்தது. தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் பீமின் கதை அது. ஹைதராபாத் அன்வேஷி அமைப்பு 2008இல் கொண்டுவந்த கதை வரிசையில் கோகு சியாமளா எழுதிய கதைகள் உண்டு. ஆட்டுத் தலைக்கறி சமைக்கும் இஸ்லாமிய வீட்டைப் பற்றி முகமது கதீர் பாபு எழுதிய கதையும் உண்டு. குழந்தைப் புத்தகத்தில் தலைக்கறி! நம் வீட்டுச் சட்டியில் வேகுவது புத்தகத்தில் வந்தால் பிள்ளைக்கு எவ்வளவு மகிழ்ச்சி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் '6 வயது கதைப்புத்தகம்' என்று நான் தேடியபோது இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பெயர் தெரிந்து தேடினால்தான் வரும். பெயர் தெரியாதவர்களுக்குச் சிரிக்கும் யானைதான்.

ஆகவே விற்பவர்களிடம் கேட்போம். 32 பக்கத்துக்குக் குறைவான குழந்தைப் புத்தகம் என்றால் எல்லாப் பக்கத்தையும் காட்டு. எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடு. உள்ளடக்கம் பிடிக்கவில்லை என்பதையும் திருப்பி அனுப்பும் காரணமாகச் சேர். எல்லாவற்றையும் காட்டினால் யார் வாங்குவார்கள் என்பார்கள். கடையில் எல்லாவற்றையும் புரட்டிவிட்டுத்தானே வாங்குகிறோம்? பிள்ளைக்கு வேண்டியது கையில் பிடிக்க, கடிக்க, தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு புத்தகம். கைப்பேசியில் பார்த்துவிட்டதால் அந்த ஆசை தீராது. பிரதம் புக்ஸ் 2015இலிருந்து 'ஸ்டோரிவீவர்' தளத்தில் முழுக் கதைகளையும் தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாகவே படிக்க வைத்திருக்கிறது. அவர்களால் முடிகிறதென்றால் இவர்களால் மூன்று பழப் பக்கத்துக்கு மேல் முடியாதா?

புத்தகங்களைக் கொளுத்தச் சொல்கிறாயா என்று யாரும் கேட்க வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து ஏகலைவன் கதையைப் படித்து, 'துரோணர் செய்தது சரியா?' என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை கேள்வி கேட்காது. செய்து காட்டும், மூக்கைப் பொத்திக் காட்டியதுபோல.

அந்த வாரமே எங்கள் தெரு அம்பேத்கர் படிப்பகத்தில் ஒரு நீள நோட்டு வாங்கிப் போட்டோம். நான்கு குடும்பங்கள் சேர்ந்திருக்கிறோம். யார் எந்தக் குழந்தைப் புத்தகத்தை வரவழைத்தாலும் பிள்ளையிடம் கொடுக்கும் முன் பெரியவர் ஒருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டும். புத்தகத்தின் பெயர், விலை, யார் எந்த நிறத்தில் இருக்கிறார்கள், யார் வேலை செய்கிறார்கள், யார் சிரிக்கப்படுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று பக்க எண்ணோடு நோட்டில் எழுத வேண்டும். இதுவரை 23 புத்தகங்கள். ஒன்பது தேறியிருக்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் அப்பாதான் அதிகம் படித்திருக்கிறார், ஏழு புத்தகம். பதினோராம் பக்கத்துக்கு அவர் எழுதிய குறிப்பு: 'இந்த ஆளுக்குக் கையுறை இல்லை, காலில் பூட்ஸ் இல்லை. வரைந்தவனுக்கு வேலை தெரியாது.'

உங்கள் ஊர்ப் படிப்பகத்திலும் இப்படி ஒரு நோட்டு போட்டால், பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். எங்களுடையதை அனுப்புகிறோம். அடுத்த மாதம் இரண்டு வீடுகளில் பிறந்த நாள் வருகிறது.